சட்டைக்கு மேலே பார்த்த வைத்தியம்

தோள் டாக்டருக்கு ஒரு சட்டம் உண்டு. முதலில் முதுகு, அப்புறம்தான் வாய். உண்மையில் அவன் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். தூக்க முடியாத கையோடு வந்து, தூக்கிக் காட்டிவிட்டுப் போனவர்கள் வைத்த பெயர் அது. அவனும் மறுக்கவில்லை. மறுக்கிற அளவுக்கு அடக்கம் அவனிடம் என்றைக்கும் இருந்ததில்லை. யார் வந்தாலும், வந்தவர் தன் வலியின் வரலாற்றை ஆரம்பிக்கும் முன்பே, பின்பக்கம் நாடா கட்டுகிற கவுனைக் கையில் திணித்துத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிடுவான். சட்டையைக் கழற்றாமல் தோளைப் பார்க்கிறவனும் பானட்டைத் திறக்காமல் வண்டி ரிப்பேர் பார்க்கிறவனும் ஒன்று என்பான்.

அதில் தப்பும் சொல்ல முடியாது. கையைத் தூக்குவது கையின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பக்கவாட்டில் தூக்கும்போது பாதிக்கு மேல் தோள் மூட்டின் உழைப்புதான். ஆனால் மிச்சத்துக்கு முதுகின் மேல் படுத்திருக்கும் அந்தத் தட்டை எலும்பு, தோள்பட்டை எலும்பு, சுழன்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கை தோள் உயரத்தில் நின்றுவிடும், காதைத் தொடாது. அந்த எலும்பைக் கட்டி ஆளுகிறவற்றில் பெரியது ட்ரபீசியஸ் என்ற தசை. பின்தலையில் தொடங்கி, கழுத்துச் சரிவில் இறங்கி, தோள் நுனி வரை விரிந்து, நடுமுதுகுக்கும் கீழே போய் முடிகிறது. அதன் மேல்பகுதி தோளை மேலே இழுக்கும். நடுப்பகுதி முதுகெலும்பை நோக்கி இழுக்கும். கீழ்ப்பகுதி கீழே இழுக்கும். மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தால் சண்டைதானே வரும்? இங்கே வராது. மூன்றும் சேர்ந்து இழுப்பதால்தான் எலும்பு சுழல்கிறது. கூட்டுக்குடும்பம் ஒழுங்காக நடக்கிற ஒரே இடம் இதுதான் என்று சொல்லி நோயாளிகளைச் சிரிக்க வைப்பான்.

இவ்வளவும் தெரிந்தவன், சொந்த அக்காவின் தோளை மாதக்கணக்கில் சட்டைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா ஐந்து வயது மூத்தவள். முடி வெட்டுகிறவள். கடைவீதியில் இருக்கும் பெரிய சலூனில் மூன்றாவது நாற்காலி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். மூன்றாவது நாற்காலி காலியாகட்டும் என்று மற்ற நாற்காலிகளைத் தவிர்த்து மணிக்கணக்கில் பத்திரிகை புரட்டுகிற வாடிக்கைக்காரிகள் அவளுக்கு உண்டு. அவளுக்குத்தான் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. கத்தரி பிடிக்க முடிந்தது. உச்சந்தலைக்குப் போக முடியவில்லை. ஹேர் டிரையரைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கை தானாக இறங்கியது. சாயங்காலம் தோள் கழன்று விழுவதுபோல் வலி. சலூன் முதலாளியம்மா நல்லவள்தான். ஆனாலும் நல்லவளாகவே ஒருநாள் சொன்னாள்: "இப்படியே இருந்தா அடுத்த மாசத்துலேர்ந்து முன்னாடி கவுண்டர்ல உட்கார்ந்துடு. போன் எடு, யாருக்கு எப்ப நேரம்னு சொல்லு. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்." அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வீட்டுக்குப் போனான். சமையலறை நாற்காலியில் அவளை உட்கார வைத்து, தொளதொளவென்ற சட்டைக்கு மேலேயே தோளைப் பிடித்துப் பார்த்தான். ஐம்பதை நெருங்கும் வயது, லேசான சர்க்கரை, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி. பாடப்புத்தகத்தில் இருந்து எழுந்து வந்ததுபோல் இருந்தது. மூட்டு இறுகிப்போகிற உறைந்த தோள் என்று டீ ஆறுவதற்குள் முடிவு கட்டினான். கதவுக்கு மேலே கயிறும் கப்பியும் மாட்டிக் கொடுத்தான். சுவரில் விரலால் நடந்து ஏறச் சொன்னான். வாராவாரம் கையைப் பிடித்து இழுத்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கை ஏறவில்லை.

"நீ ஒழுங்கா செய்யறதில்ல" என்றான் ஒரு ஞாயிறு.

"செய்யறேன்டா. உன் மாமாவைக் கேளு. கயிறு இழுக்கிற சத்தத்துல அவர் செய்தி கேக்க முடியலைன்னு புலம்பறார்."

மாமா, அதாவது அக்காவின் கணவர், பஸ் டிரைவர். வீட்டில் வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தாளுக்குப் பின்னால் போய்விட்டார். தோள் டாக்டர் அதைக் கவனித்தான். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று விட்டுவிட்டான்.

முடி வெட்டிக்கொள்வதும் அவன் அக்கா வீட்டில்தான் வழக்கம். அந்த மாதம் அவள், "வீட்டு நாற்காலி உயரம்டா, கை எட்டாது. சலூனுக்கு வா, அங்க நாற்காலியை இறக்கிக்கலாம்" என்றாள். கூட்டமில்லாத ஒரு முற்பகலில் போனான். அக்கா மிதியை அழுத்திப் பிடித்து நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கினாள். அவன் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கழுத்தில் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "தலையை ஆட்டாம உட்காரு, உனக்கு அது ஒண்ணுதான் கஷ்டம்" என்றாள்.

அந்த சலூனில் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் கண்ணாடி. முன் கண்ணாடியில் பார்த்தால் பின் கண்ணாடி தெரியும், அதற்குள் வரிசையாக ஆட்களின் முதுகுகள் தெரியும். அவன் பொழுதுபோகாமல் முதுகுகளைப் பார்த்தான். அது அவன் தொழில் வியாதி. பஸ்ஸில், வரிசையில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் முன்னால் நிற்பவரின் முதுகை எடைபோடுவான். முதல் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்கு லேசான கூன். அடுத்தவளுக்கு இடது தோள் இறுக்கம். இன்னொரு பெண், கறுப்பு பனியன் போட்டவள், சீப்போடு வலது கையைப் பக்கவாட்டில் உயர்த்தினாள். உயர்த்தியதும் வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை விட்டு வெளிப்பக்கமாக நழுவி, ஓரம் துணியை முட்டிக்கொண்டு நின்றது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் சரிவில் சதையே இல்லை. இந்தம்மாவுக்கு ட்ரபீசியஸ் போய்விட்டது, நரம்பு அறுந்திருக்கும், யாரும் பார்க்கவில்லையா என்று நினைத்தான். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, எந்த மடையன் இதைக் கவனிக்காமல் விட்டான் என்று.

அப்போது கண்ணாடிக்குள் அந்தக் கறுப்பு பனியன்காரி சீப்பை இறக்கினாள்; அது அவன் உச்சந்தலையில் பட்டது.

"அக்கா, கத்தரியைக் கீழ வை."

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு."

"வை அக்கா. உள்ள வா."

பாதி வெட்டிய தலையோடும், கழுத்தில் கட்டிய துணியோடும் அவன் எழுந்து நடந்ததைப் பார்த்து இரண்டாவது நாற்காலிக்காரி சிரித்தாள். துண்டுகள் அடுக்கி வைத்திருந்த பின் அறைக்குள் அக்காவை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான். இரண்டு தோளையும் காதுவரை தூக்கச் சொன்னான். இடது தோள் ஏறியது. வலது பாதி ஏறியது. கழுத்து எலும்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல் மூலைக்கு இறங்குகிற இன்னொரு சின்னத் தசை உண்டு. பெரியது செத்தாலும் அது தோளை ஓரளவு தூக்கிவிடும். அவனை இத்தனை நாள் ஏமாற்றியது அந்தப் பாதிதான். பிறகு தன் உள்ளங்கையை அவள் தாடையில் வைத்து, "இதை எதிர்த்துத் திரும்பு" என்றான். காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு வரும் கயிறு போன்ற தசை முறுக்கிக்கொண்டு எழுந்தது. அது நன்றாக இருந்தது. இந்தக் கயிற்றுத் தசைக்கும் ட்ரபீசியஸுக்கும் ஒரே நரம்புதான். கயிற்றுத் தசையைத் தாண்டி, கழுத்தின் பக்கவாட்டில், தோலுக்குச் சற்றுக் கீழே ஓடி ட்ரபீசியஸுக்குப் போகிறது. கெட்டுப்போன இடம் நடுவில்தான் இருக்க முடியும்.

"முடியைத் தூக்கு."

அக்கா தூக்கவில்லை. காலமெல்லாம் கொண்டை போட்டுக்கொண்டிருந்தவள், சில மாதங்களாக முடியைக் குறைத்து வலப்பக்கம் வழிய விட்டிருந்தாள். பத்து வயசு குறைஞ்சிட்டே அக்கா என்று அவனே சொல்லியிருக்கிறான்.

"அக்கா."

இடது கையால் முடியை ஒதுக்கினாள். கழுத்தின் பக்கவாட்டில், விரல் கணு நீளத்துக்கு, சுத்தமாகத் தைத்து ஆறிய ஒரு தழும்பு.

"சின்னக் கட்டிடா. பட்டாணி அளவு. எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு. மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாவுக்குக் கட்டின்னு சொன்னப்ப நீ என்ன ஆனேன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசப்படியைக்கூட நீ தாண்டல. ஆறு மாசம் ஆளே நடைப்பிணமா கிடந்தே. அதான் வர்ற ரிசல்ட் வரட்டும்னு மாமாகிட்ட மட்டும் சொன்னேன். ஒண்ணுமில்லைன்னு வந்தப்புறம் எதுக்குச் சொல்லணும்?"

"கை வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"அதுக்கப்புறம்தான். கழுத்துல வெட்டினதுக்கும் கைக்கும் என்னடா சம்பந்தம்?"

சம்பந்தம் என்ன என்று சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது. கோபம் முழுக்க அவள் மேல் வந்தது. இந்தத் தழும்பை முதல் நாளே காட்டியிருந்தால், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்று ஆரம்பித்து நன்றாகவே கத்தினான். அக்கா துண்டு அடுக்கின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "கண்ணாடியில எதைப் பாத்து இப்ப கண்டுபுடிச்சே?"

"உன் முதுகை."

"இத்தனை நாள் அது எங்க போயிருந்துச்சு?"

பதிலைச் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் சட்டையைக் கழட்டுன்னு சொல்றே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ அக்காவாச்சே."

"அக்காவுக்கு முதுகு இருக்காதா? உனக்கு மூக்கு சிந்தி விட்டவடா நான். உன்னைக் குளிப்பாட்டித் துவட்டி விட்டிருக்கேன். நீ என் முதுகைப் பாக்க வெக்கப்பட்டிருக்கே." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. உட்கார்ந்து அழுதான். அவள் அவன் தலையைத் திருப்பி, "இப்படியே வெளிய போனா சலூன் பேரு கெட்டுடும், வா, மிச்சத்தையும் வெட்டி விடறேன்" என்றாள்.

அடுத்த வாரமே நரம்பு அறுவை செய்கிற டாக்டரம்மாவிடம் போனார்கள். அதற்கு முன்பே ஊசி குத்திச் செய்கிற தசைச் சோதனை முடிந்திருந்தது. டாக்டரம்மா நிதானமானவர். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினார். "தசையில ஒண்ணு ரெண்டு துடிப்பு தெரியுது. அது நசுங்கின நரம்பு தானா வளர்ந்து வர்றதா இருக்கலாம். இல்ல, பக்கத்துல இருக்கிற கழுத்து நரம்புகள் கொடுக்கிற கொசுறா இருக்கலாம். இதை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. தானா வருதுன்னா நாம கத்தி வைக்கக் கூடாது. அறுந்து போயிருந்தா காத்திருக்கக் கூடாது. நரம்பு இல்லாம ரொம்ப நாள் கிடந்தா தசை கரைஞ்சிடும். அப்புறம் தைச்சாலும் பிரயோஜனம் இல்ல. அதனால நீங்க சொல்றதுதான் முக்கியம். கை முன்னைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லைங்க" என்றாள் அக்கா. "கொஞ்சம் கொஞ்சமா மேல போகுது."

தம்பி திரும்பி அவளைப் பார்த்தான்.

"யார்கிட்டயாவது காட்டினீங்களா? பிசியோ ஏதாவது?"

"இல்லைங்க. நானாத்தான் வீட்டுல கையை ஆட்டிக்கிட்டிருந்தேன். தம்பி பிசியோதான், அவன்கிட்ட போன வாரம்தான் சொன்னேன். பாத்த உடனே கண்டுபுடிச்சிட்டான்."

அவள் அதைச் சொன்னபோது முகத்தில் பெருமைகூட இருந்தது. அவனுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. இந்தக் கதையில் அதைச் சொல்லாமல் விட்டால் அவனை நல்லவனாக்கிவிட்டதாக ஆகும். நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. டாக்டரம்மாவும் அவனைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். இவர் மூலம் எத்தனை நோயாளிகள் அவனிடம் வந்திருக்கிறார்கள், இனியும் வருவார்கள்.

"நல்லது. முன்னேற்றம் இருக்குன்னா அது தானா வர்ற அறிகுறிதான். இன்னும் மூணு மாசம் பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"முன்னேற்றம் இல்லை மேடம்" என்றான் தம்பி.

அக்கா மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"வலி ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லா ஞாயித்துக்கிழமையும் நான்தான் பாத்தேன். உறைந்த தோள்னு நானே முடிவு பண்ணேன். கையை இழுத்து இழுத்துப் பயிற்சி கொடுத்தேன். முதல் நாள் கை தோள் உயரத்துக்கு வந்துச்சு. இன்னைக்கும் அதே உயரம்தான், ஒரு விரக்கடை ஏறல. ஒரு வாரம்கூட ஏறல. அவங்க இப்ப சொன்னது எனக்காகச் சொன்னது."

டாக்டரம்மா கணினியை விட்டுத் திரும்பினார். "நீங்களா பாத்தீங்க?"

"நான்தான்."

"பின்பக்கம் பாக்கலையா?"

"பாக்கல. சட்டைக்கு மேலயே பாத்தேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவர் எழுந்து வந்து, அக்காவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் முதுகைப் பார்த்தார். வெளியே வந்ததும் போனை எடுத்து ஆபரேஷன் தியேட்டரைக் கூப்பிட்டார். வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. அவனிடம் வேறு எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது அக்காவுக்கு மட்டும் வணக்கம் சொன்னார்.

வராந்தாவில் அக்கா பொரிந்து தள்ளினாள். "உன்னை யாரு கேட்டா? அந்தம்மா உன்னை எப்படிப் பாத்தாங்க பாத்தியா? நாளைக்கு ஊரெல்லாம் பேசுவாங்க. சொந்த அக்காவுக்கே பாக்கத் தெரியாதவன்னு. சொல்லாம இருந்தா என்ன குறைஞ்சா போயிடும்?"

"உன் கை போயிடும்" என்றான். "உன்னை நம்பி இன்னும் மூணு மாசம் காத்திருந்தா அப்புறம் தைக்கிறதுக்கு அங்க தசையே இருக்காது."

நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியோடு கடந்து போகிற வரைக்கும் இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"ரெண்டு தடவை மறைச்சேன்" என்றாள் அக்கா பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. "ரெண்டு தடவையும் உனக்காகத்தான் மறைச்சேன்."

"ரெண்டு தடவையும் அடி உன் கைக்குத்தான் விழுந்துச்சு" என்றான் அவன். "இனிமே எனக்காக எதையும் மறைக்காத அக்கா. நானும் உனக்காக எதையும் பாக்காம விடமாட்டேன்."

அறுவை சிகிச்சையில் நரம்பு அறுந்திருந்தது தெரிந்தது. காதோரத்திலிருந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து வைத்துத் தைத்தார்கள். தைத்த நரம்பு தசை வரை வளர்ந்து போக மாதங்கள் ஆகும், போகாமலும் இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். முதலாளியம்மா அக்காவைக் கவுண்டரில் உட்கார வைத்தாள். மூன்றாவது நாற்காலியில் ஒரு சின்னப் பெண் வேலைக்கு வந்தாள். அக்கா போன் எடுத்து, மூன்றாவது நாற்காலிக்கு நேரம் குறித்துக் கொடுத்தாள்.

தோள் டாக்டர் தனக்குத் தெரிந்த இன்னொரு பிசியோவின் விலாசத்தைக் கொடுத்தான். அக்கா அதை வாங்கவில்லை. புதன்கிழமைகளில் அவன் கிளினிக்கிற்கு வந்தாள். மற்றவர்களைப்போல் கவுன் வாங்கிக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய், ஒற்றைக் கையால் நாடாவோடு மல்லாடி, ஸ்டூலில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதல் நாள் இருவருக்குமே சங்கடமாக இருந்தது. அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தான். மூன்றாவது வாரம் அவள் மாமாவின் குறட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் அவள் கழுத்துச் சரிவிலும் முதுகிலும் விரல் வைத்துப் பார்ப்பான். அவள் திரும்பாமல் கேட்பாள்: "வருதா?"

வேறு நோயாளிகளிடம் என்றால், வரும் வரும், நம்பிக்கையா இருங்க என்பான். அக்காவிடம் அப்படிச் சொல்லவில்லை. "இல்லக்கா, இன்னும் வரல" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு உடையை மாற்றப் போவாள். அவன் வீட்டுக்குப் போய் அன்று யாரிடமும் சரியாகப் பேச மாட்டான். அடுத்த புதன்கிழமையும் "வரல" என்றான். அதற்கடுத்த புதன்கிழமையும் அதையேதான் சொன்னான். ஒருமுறை அவள், "ஆறுதலுக்காவது ஒரு பொய் சொல்லேன்டா" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அவன் சொல்லவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை அவள் தாமதமாக வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் தோளைத் தூக்கச் சொன்னான். சரிவில் விரலுக்கடியில் ஏதோ நூலிழை இறுகியது. அவன் நம்பவில்லை. அந்தச் சின்னத் தசை மறுபடி தன்னை ஏமாற்றுகிறதோ என்று நினைத்தான். அதற்குச் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. விரலை முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் வைத்து, "ரெண்டு எலும்பையும் பின்னால சேத்து இழு" என்றான். இழுத்தாள். அங்கேயும் இறுகியது. விட்டதும் தளர்ந்தது. மறுபடி இழுக்கச் சொன்னான். மறுபடி இறுகியது.

"வந்திருக்குக்கா" என்றான்.

நிஜமாவா என்று அவள் கேட்கவில்லை. அத்தனை புதன்கிழமையும் வரவில்லை என்று சொன்ன வாய் அது. அவள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்து அழுதாள். கவுன் விலகி முதுகு முழுக்கத் தெரிந்தது. அவன் விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை பாரு" என்றாள் துண்டுக்குள்ளிருந்து.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றான்.